ஓடாத வண்டியின் பெல்ட்

நான் ஆக்டிங் டிரைவர். சொந்த வண்டி கிடையாது. வண்டி வைத்திருப்பவர்கள் போன் பண்ணினால் போய், அவர்கள் வண்டியில் அவர்களை ஏற்றிக்கொண்டு, அவர்கள் சொல்கிற இடத்துக்குப் போய்விட்டு வருவேன். மயிலாப்பூரில் பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. இந்த வேலையில் நமக்கென்று எதுவும் இல்லை. ஏசியை எவ்வளவு வைப்பது என்பது பின்சீட்டின் முடிவு. எந்த வழியாகப் போவது என்பதும் பின்சீட்டின் முடிவுதான், அந்த வழியில் ரோடே இல்லையென்றாலும்.

ஒரே ஒரு வண்டி விதிவிலக்கு. அது ஒரு மாமியுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு பழைய அடுக்குமாடியில் முதல் மாடியில் தனியாக இருக்கிறார். ஹாலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். வண்டியை வாங்கியவர் அவருடைய கணவர். அந்த வருடம் எல்லோரும் டீசல் வாங்கினார்கள், அவரும் வாங்கினார். கோயிலுக்கும் கச்சேரிக்கும் போய்வருகிற ஆளுக்கு டீசல் எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆறு வருடம் முன்பு அவர் இறந்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகன், வண்டியை விற்றுவிடு என்றான். மாமி விற்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, இரண்டாவது சாவியைக் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த வண்டி விஷயத்தில் எல்லாமே நான்தான். காற்று, ஆயில், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், எந்த மெக்கானிக், எப்போது சர்வீஸ், எல்லாம். மகன் போனில் ஏதாவது கேட்டால் மாமி, "வண்டி சமாசாரம் எனக்குத் தெரியாதுடா, அவனைக் கேளு" என்று போனை என்னிடம் நீட்டிவிடுவார். அந்த அடுக்குமாடியில் எனக்கு இன்னும் ஐந்து வீட்டில் டிரைவர் வேலை கிடைத்ததும் மாமியின் வாயால்தான். ஆனால் வேலை கிடைத்ததை விட, ஒரு வண்டியை ஒருத்தர் கேள்வி கேட்காமல் என்னிடம் விட்டார் என்பது பெரிய விஷயமாக இருந்தது. இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

திங்கள், வியாழன் அடையாறில் பிசியோதெரபி. சனிக்கிழமை தி. நகர், இல்லையென்றால் கோட்டூர்புரத்தில் தங்கை வீடு. அவ்வளவுதான் அந்த வண்டியின் உலகம். பதிமூன்று வருடத்தில் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. டாக்ஸி ஓட்டுகிறவன் அதை ஏழெட்டு மாதத்தில் ஓட்டிவிடுவான்.

மெக்கானிக் கோடம்பாக்கத்தில் இருக்கிறான். ஒரு சந்துக்குள் ஷெட். சினிமாக் கம்பெனி வேன்களைப் பார்த்தே கை தேர்ந்தவன். இரண்டு வருடம் முன்பு ஆயில் மாற்ற விட்டபோது பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே சொன்னான்.

"நைனா, டைமிங் பெல்ட்டு மாத்தணும். மாமியாண்ட சொல்லு."

"மீட்டர பாத்தியா? முப்பத்தி ரெண்டாயிரம் கூட தாண்டல."

"மீட்டர உடு. ரப்பர் அது. ஓடுனாலும் கெழடு ஆவும், நின்னாலும் கெழடு ஆவும்."

"லட்சம் வரைக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சரி. நான் சொல்றத சொல்ட்டேன்."

நான் மாமியிடம் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிறவன் எல்லாவற்றையும் கிலோமீட்டரில்தான் அளப்பான். இன்னொருவன் வண்டியைப் பார்த்தால் முதல் கேள்வியே எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதுதான், எத்தனை வயது என்பது இல்லை. ஓடாத வண்டிக்கு எதற்கு பெல்ட் என்று நினைத்தேன். இன்னொன்றும் இருக்கிறது. மெக்கானிக் என்றால் இல்லாத வேலையைச் சொல்லுவான், அதை மாமி வரைக்கும் போகவிடாமல் தடுப்பதுதான் என் வேலை என்று ஒரு எண்ணம். அந்த எண்ணத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மாமி என்னை நம்பி விட்டதே அதற்காகத்தான் என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டைமிங் பெல்ட் என்பது இன்ஜின் பக்கவாட்டில் மூடிக்குள் ஓடுகிற பல் வைத்த ரப்பர் பட்டை. கீழே பிஸ்டன் ஏறி இறங்குவதற்கும் மேலே வால்வு திறந்து மூடுவதற்கும் தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அது அறுந்தால் வால்வுகள் திறந்தது திறந்தபடி நின்றுவிடும். கீழேயிருந்து பிஸ்டன் வந்து அவற்றை இடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூடியைக் கழற்றினால்தான் பெல்ட்டே கண்ணில் படும். முன்கூட்டி ஒரு விளக்கும் எரியாது, சத்தமும் வராது.

ஒரு வியாழக்கிழமை காலை மந்தைவெளியில் அறுந்தது.

மெட்ரோவுக்காக அங்கே நடுரோட்டில் தகரம் அடித்து, ஒரு பஸ் போகிற அகலத்துக்கு வழி விட்டிருக்கிறார்கள். அந்த ரோட்டை எப்போது திருப்பித் தருவார்கள் என்று எவனுக்கும் தெரியாது. நாங்கள் அந்தச் சந்துக்குள் ஊர்ந்துகொண்டிருந்தோம். பின்சீட்டில் மாமி. பின்னால் ஒரு பஸ். முன்னால் இருந்த ஆட்டோ நகர்ந்ததும் நானும் ஆக்சிலேட்டரைத் தொட்டேன். உள்ளே 'பட்' என்று ஒரு சின்னச் சத்தம், ரப்பர் பேண்ட் தெறித்தது போல. இன்ஜின் நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினேன். எப்போதும் டீசல் இன்ஜின் முக்கிக்கொண்டுதான் சுற்றும். அன்று முக்கல் இல்லை. உள்ளே ஒன்றும் போடாமல் மிக்ஸியை ஓட்டினால் வருமே, அந்த மாதிரி லேசாகச் சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று இப்போது சொன்னால் பொய்.

"என்னாச்சுப்பா?" என்றார் மாமி.

"ஒண்ணுமில்ல மாமி. ஆஃப் ஆயிடுச்சு."

பஸ் டிரைவர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. கண்டக்டர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "இன்னா தல, இங்கியே வாடகைக்கு எடுத்துட்டியா? அம்பது பேர் நின்னுகினு வர்றாங்க, எடு வண்டிய."

இந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி நின்றால் யாரையும் கூப்பிட வேண்டாம், தானாக வந்து தள்ளுவார்கள். என்ன கோளாறு என்று கேட்க மாட்டார்கள். எல்லாக் கோளாறுக்கும் அவர்களிடம் இருக்கும் ஒரே வைத்தியம் தள்ளுவதுதான். கண்டக்டர், பின்னால் வந்த ஆட்டோக்காரர், தண்ணீர் கேன் வண்டிக்காரர், மெட்ரோ ஹெல்மெட் போட்ட ஒரு வடக்கத்திப் பையன், நாலு பேரும் டிக்கியில் கையை வைத்துவிட்டார்கள்.

"செகண்ட்ல போடு தல," என்றார் ஆட்டோக்காரர். "நான் கொரல் குடுக்கறப்போ கிளட்ச உடு."

முப்பது அடி தள்ளினால் தகரத்தில் லாரி உள்ளே போகிற வாசல் ஒன்று இருந்தது. நியூட்ரலில் விட்டிருந்தால் அங்கே கொண்டுபோய் ஓரம் கட்டியிருக்கலாம். நான் செகண்ட் கியரைப் போட்டேன்; கியரில் தள்ளினால் சக்கரம் இன்ஜினையும் சேர்த்துச் சுற்றும். பின்சீட்டில் மாமி பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்டி கிளம்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், இரண்டு வருடம் முன்பு கேட்டதும் கேட்காததாகிவிடும் என்று ஒரு நப்பாசை. வேறு காரணம் கிடையாது.

"உடு," என்றார். விட்டேன். வண்டி குலுங்கி, உள்ளே 'டக் டக்' என்று இரும்பு இரும்பை இடித்தது.

"புட்சிக்குது, புட்சிக்குது. இன்னொருக்கா."

இன்னொருக்காவும் விட்டேன். இந்தத் தடவை மாவரைக்கிற கிரைண்டரில் கல் விழுந்தது போல ஒரு சத்தம் வந்து, சக்கரமே பூட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் நியூட்ரலுக்கு வந்தேன். ஓரமாகத் தள்ளி விட்டார்கள். தண்ணீர் கேன்காரர் கையைத் தட்டிக்கொண்டே, "டேங்க்ல டீசல் ஊத்துனியா, மோர் ஊத்துனியா நைனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மாமியை அந்த ஆட்டோவிலேயே அடையாறுக்கு ஏற்றிவிட்டேன். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கோடம்பாக்கம் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

மெக்கானிக் மேல் மூடியைக் கழற்றினான். பெல்ட் ஒரு பக்கம் பிய்ந்து நூல் நூலாகத் தொங்கியது. மீதி இருந்ததை இரண்டு விரலால் மடக்கிக் காட்டினான். காய்ந்த வத்தல் மாதிரி முழுக்க வெடிப்பு.

"மாமியாண்ட சொன்னியா?" என்றான்.

பெல்ட் துண்டை அவன் கையிலிருந்து வாங்கி நானும் மடக்கிப் பார்த்தேன்.

"சொல்லல." அவனே பதிலும் சொல்லிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவன் திட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து, வால்வுகள் உட்காருகிற ஹெட்டைக் கழற்றிவிட்டதாகச் சொல்லிக் கூப்பிட்டான். போனேன். தினசரிப் பேப்பரை விரித்து வால்வுகளை வரிசையாக வைத்திருந்தான். காளான் மாதிரி இருக்கும் ஒவ்வொன்றும், மெல்லிய காம்பும் தட்டையான தலையும். காம்பு வளைந்தவை ஆறு. ஒன்றுக்குத் தலையே இல்லை. அந்தத் தலை உடைந்து உள்ளே விழுந்து, மூன்றாவது பிஸ்டனின் உச்சியைக் கொத்திப் பிளந்திருந்தது.

"தள்ளுனீங்களா?"

"ரெண்டு தபா."

"கியர்லயா?"

"செகண்ட்ல."

தலையில்லாத வால்வை எடுத்து என் கையில் போட்டான். "மெதுவா போய்க்கினு இருக்கசொல்ல அறுந்துகீது. வளஞ்சதோட போயிருக்கும். வால்வ மாத்தி ஹெட்ட மூடி அனுப்பிருப்பேன். நீ நாலு பேர வெச்சு இடிச்சு இடிச்சு ஒடச்சுகீற. இப்ப பிஸ்டன், அது ஓடற சிலிண்டர், எல்லாம் பாக்கணும்."

"தள்ளாட்டியும் இப்படித்தான் ஆகியிருக்கும்னு மாமியாண்ட சொல்லலாமில்ல?"

"சொல்லலாம். யாரு வந்து பாக்கப் போறா?" என்றான். "நீயே சொல்லிக்க. என்ன இழுக்காத."

நான் அதைத்தான் சொல்லத் தீர்மானித்திருந்தேன். பெல்ட் திடீரென்று அறுந்துவிட்டது, அறுந்தால் இன்ஜின் இப்படித்தான் ஆகும். இரண்டுமே பொய் இல்லை. உண்மையில் பாதி. பாதியைச் சொன்னால் வண்டியும் என்னிடம் இருக்கும், ஐந்து வீடும் இருக்கும்.

ஆனால் மாமி போனில் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை ஆட்டோ பிடித்து ஷெட்டுக்கே வந்துவிட்டார். மெக்கானிக் அவசரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மாமி உட்காரவில்லை. பேப்பரில் இருந்த வால்வுகளைக் குனிந்து பார்த்தார். விடைத்தாளில் சிவப்புக் கோடு போடுவதற்கு முன்னால் பார்க்கிற மாதிரி.

"இதெல்லாம் அந்த பெல்ட் அறுந்ததாலயா?" என்று கேட்டார்.

"ஆமா மாமி," என்றான் மெக்கானிக்.

"வருஷா வருஷம் உங்கிட்டதானே சர்வீசுக்கு விடறோம்?"

"ஆமா மாமி."

"அப்போ இதைப் பாக்க வேண்டாமோ? பெல்ட்டு பழசாயிடுத்து, மாத்திடுங்கோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சவாளை நம்பித்தானே விட்டிருக்கேன். எங்க பில்டிங்ல எல்லாருக்கும் உன் பேரைத்தான் சொல்லிண்டிருக்கேன். இனிமே என்னன்னு சொல்றது?"

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கை. என் பக்கம் திரும்பவே இல்லை. "சொல்லியிருக்கணும் மாமி," என்றான்.

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் அவனோடு சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். மீட்டர், லட்சம் கிலோமீட்டர் என்று பேசி இழுத்திருப்பேன். அவன் செய்யாத தப்புக்கு அவனே தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அவன் சொன்னான் மாமி," என்றேன். "ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்னான். உங்ககிட்ட சொல்லச் சொன்னான். நான்தான் சொல்லல."

மாமி என்னைப் பார்த்தார். "ஏன்?"

"வண்டி ஓடவேயில்லையே, எதுக்கு வெட்டிச் செலவுன்னு நெனச்சேன்."

"அது நீ முடிவு பண்றதா?"

சொல்ல ஆரம்பித்தாகிவிட்டது, மிச்சத்தையும் வைத்துக்கொள்வானேன் என்று, "அன்னிக்குத் தள்ளும்போது கியர் போட்டதும் நான்தான். போட்டிருக்கக் கூடாது. அதனாலதான் இது ஒடஞ்சது," என்று தலையில்லாத வால்வைக் காட்டினேன்.

"போட்டா ஒடையும்னு அப்போ தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

மாமி நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தில் ஒரு குட்டியானை லோடு வண்டி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

"இவனை நான் கேக்காம இருந்திருந்தா, நீயா எங்கிட்ட வந்து சொல்லியிருப்பியா?" என்றார்.

"மாட்டேன் மாமி."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பி, இந்த வால்வு எப்படி வேலை செய்கிறது, காட்டு என்றார். அவன் ஒரு கையைப் பிஸ்டனாகவும் இன்னொரு கையை வால்வாகவும் வைத்துக் காட்டினான். இரண்டே நிமிடத்தில் புரிந்துகொண்டார். "அப்போ இதுக்குக் கிலோமீட்டர், வருஷம் ரெண்டு கணக்கும் உண்டு. எது முன்னாடி வரதோ அதுக்கு மாத்தணும். அதானே?" என்றார். நான் பதினோரு வருடத்தில் ஒத்துக்கொள்ளாத விஷயம்.

புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் ஒன்று கிடைக்கும், அப்படியே தூக்கி மாட்டிவிடலாம், வேலை சீக்கிரம் முடியும் என்றான் மெக்கானிக். மாமி ஒப்பவில்லை. "அது யாராத்து இன்ஜினோ. அதுக்கு யார் யார் என்னத்தை மறைச்சாளோ. இருக்கறதையே சரி பண்ணு," என்றார். அது எனக்குத்தான் என்று தெரியும். கிளம்பும்போது என் முன்னால் கையை நீட்டினார். எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சாவி வளையத்திலிருந்து அந்த இரண்டாவது சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

வண்டி தயாராக ஐந்து வாரம் ஆனது. பிஸ்டன் கிடைக்கவில்லை, லேத் பட்டறையில் கூட்டம், ஏதாவது ஒன்று. அந்த ஐந்து வாரமும் மாமி என்னைக் கூப்பிடவில்லை. அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைப் பற்றி எழுதிவிடுவார், மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகப் போய்விடும் என்று காத்திருந்தேன். ஒரு வீடும் போகவில்லை. மூன்றாவது மாடியில் இருப்பவர் மட்டும், "என் வண்டில டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு பாரு" என்றார். வாட்ச்மேனிடம் விசாரித்தேன்.

"மாமி குரூப்ல உன்னப் பத்தி ஒண்ணும் போடல," என்றான். "அஞ்சாறு வருசம் ஆன வண்டி வெச்சிகினு கீறவங்க பெல்ட்ட செக் பண்ணிக்கங்கன்னுதான் போட்டுகீறாங்க. இன்னா, எதுனா பண்ணிட்டியா?"

"ஒண்ணும் பண்ணல, போ," என்றேன்.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை காலையில் மாமி போன் பண்ணினார். "ஒம்பது மணிக்கு வா," அவ்வளவுதான். போனேன். சாவியை மாடியிலிருந்து எடுத்துக்கொண்டு அவரே இறங்கி வந்தார். இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. சொல்லப் போனால் முன்னைவிட நன்றாக. மந்தைவெளியில் அதே தகரச் சந்துக்குள் ஊர்ந்துகொண்டிருந்தபோது பின்சீட்டில் மாமி போனை எடுத்தார். மெக்கானிக்குக்கு.

அவரிடம் அவன் நம்பர் இருந்ததே எனக்குத் தெரியாது. பிரேக் பேட் எப்போது பார்க்க வேண்டும், கூலன்ட் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை, பேட்டரி எந்த வருஷம் போட்டது என்று வரிசையாகக் கேட்டார். ஆறு வருடமாக நான் பார்த்துக்கொண்ட விஷயங்கள். முன்சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் ஒரு கேள்வி இல்லை. பேசி முடித்துவிட்டுச் சொன்னார்.

"பின் டயர் ரெண்டும் மாத்தணுமாம்."

"பாத்தேன் மாமி. இன்னும் ஆறு மாசம் ஓடும்."

"அவன் மாத்தணுங்கறான்."

"அவன் சொன்னது அவன் சொன்னது. எனக்குத் தோணுறத நான் சொல்றேன். நீங்க முடிவு பண்ணுங்க."

"அதுக்குத்தான் ரெண்டு பேரையும் கேக்கறேன்," என்றார் மாமி.

மாமி செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தப்பாக இருந்தால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம்.

அந்தச் சனிக்கிழமை தி. நகரில் டயர் கடைக்குப் போகச் சொன்னார். போனேன். இரண்டு டயரையும் மாற்றினார்கள். கழற்றிய பழைய டயர்களில் கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. ஆறு மாதம் இல்லை, எட்டு மாதம்கூட ஓடியிருக்கும். எனக்கு இப்போதும் அது வீண் வேலை என்றுதான் தோன்றுகிறது. கடைக்காரர் அவற்றை ஓரமாக உருட்டிவிட்டார். மாமி கடைக்காரரிடம் புது டயரில் தயாரித்த வருஷம் எங்கே போட்டிருக்கும் என்று கேட்டு, குனிந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து, "சரியா இருக்கு. கிளம்பலாம்," என்றார்.